நீலத் திருகு

அன்பரசு மூடிய குழாயைத் திறக்க அந்த வீட்டில் இரண்டு பேர் வேண்டும். ஊறுகாய் ஜாடி, தண்ணீர் பாட்டில், மருந்தடிக்கிற டப்பா என்று அந்த மனுசன் கைபட்ட எதுவும் லேசில் திறந்துகொள்ளாது. அவன் மனைவி ஜோதி துணியைச் சுற்றித் திருகிப் பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள், கடைசியில் பக்கத்துத் தோட்டத்து மயிலக்காவுக்குக் குரல் கொடுப்பாள்.

மயிலக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, "உன்ற ஊட்டுக்காரன் லாரிக்குப் போயி மூணு நாளாச்சு. அவன் மூடுனது மட்டும் இன்னும் ஊட்டுல நின்னுக்கிட்டு நம்மள வேல வாங்குது" என்று சொல்லிக்கொண்டே ஜாடியைப் பிடித்துக்கொள்ளும். ஜோதி திருகுவாள். பாதி நாள் ஜாடி ஜெயிக்கும்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருசமாக முட்டை லாரி ஓட்டுகிறான். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஏற்றிக் கேரளாவில் இறக்குவதுதான் பிழைப்பு. முட்டை லாரிக்காரனுக்கு லூசாகக் கிடக்கிற எதைக் கண்டாலும் ஆகாது. ஒரு முட்டை அட்டை ஆடினால் பக்கத்து அட்டை ஆடும், பிறகு வரிசையே ஆடும், இறக்குமிடத்தில் வலையைப் பிரிக்கும்போது மஞ்சள் வழியும். அதனால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, கயிற்றை இழுத்து, கண்ணில் படுகிற நட்டையெல்லாம் திருகிப் பார்க்காமல் அவன் ஏறி உட்கார மாட்டான். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? கதவுக் கீல், கட்டில் கால், மிக்ஸி ஜாரின் அடி என்று அது பாட்டுக்குத் தேடிப் போகும்.

வையப்பமலைக்குத் தெற்கே கரட்டுப்புதூரில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, ஓட்டு வீடு, மாடு இல்லாத ஒரு மாட்டுக்கொட்டகை. ஒரே மகள் பிரவீனா, இருபத்து மூன்று வயது. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, நாமக்கல்லில் கோழித்தீவனத்தைச் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். கல்லூரியில் சைக்கிள் பந்தயத்துக்குப் போக ஆரம்பித்தவள், நல்ல தார்ரோடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு மலைச்சரிவில் கல்லு மேலும் வேரு மேலும் இறங்குகிற பந்தயத்தைப் பிடித்துக்கொண்டாள். கூடப் பழகிய தேவிப்ரியா என்கிற பெண் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் மலைச் சைக்கிளை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது வந்திறங்கிய அன்று மயிலக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"கேரியரக் காணம், மட்கார்டக் காணம், ஸ்டேண்டுங் காணம். செஞ்சு முடிக்கறக்கு முன்னாலயே தூக்கியாந்துட்டயா சாமி?"

இல்லாததெல்லாம் போக, அதில் இருந்ததுதான் விசேஷம். முன்னால் ஒரு ஷாக், பின்னால் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் நீளத்தில் இன்னொரு ஷாக். பின்ஷாக்கின் தலைமாட்டில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு நீலத் திருகு. "இத வலது பக்கம் திருகுனா உள்ள எண்ணெ போற வழி சின்னதாயிருமுங்கப்பா. ஷாக்கு அமுங்கறக்கு முரண்டு புடிக்கும். இடது பக்கம் திருகுனா சுலுவா அமுங்கும். ஒவ்வொரு திருகுக்கும் டிக்குன்னு ஒரு சத்தம். என்ற எடைக்கும் அந்த மலைக்கும் எத்தன டிக்குன்னு பாத்துப் பாத்து வெக்கோணும்" என்று மகள் அன்றைக்குச் சொன்னாள். அன்பரசு தலையை ஆட்டினான். பிள்ளைகள் ஆசையாகச் சொல்கிறபோது அப்பன்கள் ஆட்டுகிற தலைதான் அது, காதில் பாதிதான் ஏறியது.

ஆவணிக் கடைசியில் பிரவீனா விழுந்தாள். ஏற்காட்டு அடிவாரத்தில் பயிற்சி. படிக்கட்டாட்டம் கல்லு கிடக்கிற ஒரு இறக்கத்தில் பின்சக்கரம் எகிறி, ஆளைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டது. ஹெல்மெட் பிளந்தது. இடது முழங்கையில் ஆறு தையல், ஒரு நாள் ஆஸ்பத்திரி. கூட ஓட்டியவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள்: கல்லைக் கண்டதும் பயந்துவிட்டாள், கை விறைத்துப்போய்விட்டது.

பத்து நாள் கழித்து, தையல் பிரித்த கையோடு, வீட்டுக்குப் பின்னால் கரடு என்கிற சின்னப் பாறைக்குன்றில் ஓட்டிப் பார்த்தாள். கல்லூரி முதல் வருசத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிற பாறை அது. பாதியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதை மாட்டுக்கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வருசமாக அவள் விடியற்காலையில் எழுந்ததும், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டதும் அந்த ஒரு நாளுக்காகத்தான். வருவதாக இருந்தால் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போனில் பேரை உறுதி செய்ய வேண்டும்.

"நானு போகுலீங்கம்மா. எனக்கு அந்தத் தைரியம் இல்ல, இப்பத்தான் தெரியுது" என்று மகள் சொன்னபோது, ஜோதி திருச்செங்கோட்டு மலைக்கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

புதன்கிழமை அன்பரசு கேரளாவில் இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். ஓட்டியது அவன் கூட்டாளி காளியண்ணன். காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையம் போய், திருச்செங்கோட்டு ரோட்டில் ஏறியதும் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட பள்ளம் வரிசையாக வந்தது. லாரி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. பின்னால் காலி அட்டைக் கட்டுகள் தாளம் போட்டன. அன்பரசு இருக்கையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தான்.

"திங்கக்கெழம லோடோட இதே ரோட்டுலதான போனம்? தொட்டல்ல படுத்தாப்பல இருந்துச்சு" என்றான் காளியண்ணன். "இப்பப் பாரு, இடுப்பு எலும்பு தனியாக் கழண்டு வந்துரும்போல."

"காலி வண்டி அப்புடித்தான்."

"என்ன அப்புடித்தான்? அடியில அத்தன வில்லுப்பட்டையச் சேத்துப் போட்டு ஓனரு வண்டிய வெறப்பாக்கி வெச்சுட்டாரு. அது லோடுக்குன்னு போட்டது. நம்ம ரெண்டு பேரு எடைக்கு அது மசியுமா? பள்ளத்தையும் கல்லையும் உள்ள வாங்கிக்கவே மாட்டீங்குது. அப்புடியே நம்ம மேல தாட்டி உடுது."

அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு வேகத்தடை. அன்பரசின் தலை கூரையில் இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே, காளியண்ணன் சொன்னதை அவன் இன்னொரு தரம் மனசுக்குள் ஓட்டினான். மசியாது. உள்ளே வாங்கிக்கொள்ளாது. மேலே இருக்கிறவனைத் தூக்கிப் போடும்.

ஷாக்கு அமுங்கறக்கு முரண்டு புடிக்கும்.

ஆவணியில், மகள் ஏற்காட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அந்தச் சைக்கிளைக் கழுவிக்கொடுத்தது அவன்தான். சேற்றைத் துடைக்கும்போது விரலில் அந்த நீலத் திருகு இடறி, டிக்கென்று நகர்ந்தது. நகர்ந்தால் லூசு என்றுதானே அவன் கைக்குத் தெரியும்? வலது பக்கம் திருகினான். டிக், டிக், டிக் என்று போய் நின்றது. நின்ற பிறகும் துணியைச் சுற்றி ஒரு அழுத்து அழுத்தினான். இனிமேல் கழண்டு விழாது என்று அன்றைக்கு அவனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"காளி, வண்டிய ஓரங்கட்டு" என்றான்.

இறங்கிப் போய் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான். காளியண்ணன் வாந்தி வருகிறதோ என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். அதுவும் அன்பரசு மூடிய பாட்டில், திறக்கவில்லை. அதைப் பார்த்ததும் அன்பரசுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ற புள்ளையக் கீழ தள்ளுனது நாந்தாம்ப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். நாற்பத்தெட்டுக் கிலோப் பிள்ளையை, விறைப்பாக்கின காலி வண்டியில் ஏற்றிக் கல்லு மேலே அனுப்பியிருக்கிறேன் என்றான்.

காளியண்ணன் திறக்காத பாட்டிலைக் கட்டை மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று குழாய்களைச் சுமந்துகொண்டு அவர்களைக் கடந்து போனது.

"நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காத" என்றான் பிறகு. "நடந்தது நடந்துபோச்சு. புள்ளைக்குக் கையி ஆறிப்போச்சு. அவளே போகுலீன்னுட்டா. உன்ற ஊட்டுக்காரி நிம்மதியா இருக்கறா. இதப் போயி நீ சொன்னீன்னா என்னாகும்? மறுக்காவும் அந்த மலைக்குப் போவா. அங்க மறுக்கா உளுந்தா? அன்னைக்கு உன்ற பொண்டாட்டி மூஞ்சிய எப்புடிப் பாப்ப?"

"அது செரிதான்" என்றான் அன்பரசு.

"அப்பறம் என்ன? வாய மூடிட்டு இரு."

அது ஒன்றைத்தான் அவனால் மூட முடியவில்லை. லாரி கிளம்பிய பிறகும் மகள் சொன்ன வார்த்தையே காதுக்குள் நின்றது. எனக்கு அந்தத் தைரியம் இல்ல, இப்பத்தான் தெரியுது. தன் கை செய்த காரியத்துக்கு அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு மூன்று வாரமாக வளைய வருகிறாள்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். வேப்பமரத்தடியில் பிடுங்கிப்போட்ட கடலைச்செடி இடுப்புயரம் கிடந்தது. ஜோதியும் மயிலக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொத்தாகச் செடியைப் பிடித்து, மண்ணை உதறி, காயைக் கிள்ளிக் கூடையில் போடுகிற கைகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. புரட்டாசி வெயில் மேகத்துக்கு உள்ளேயிருந்து புழுங்கியது.

"சோறு போசியில இருக்குது, போட்டுக்குங்க" என்றாள் ஜோதி. "கையெல்லாம் மண்ணு எனக்கு."

அரிசியும் பருப்பும் போட்ட சோறு, தயிர், நார்த்தங்காய். புரட்டாசி மாசத்தில் முட்டை லாரிக்காரன் வீட்டிலும் முட்டை கிடையாது. அன்பரசு வட்டலை எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியிலேயே உட்கார்ந்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜோதி மயிலக்காவிடம் விட்ட பேச்சைத் தொடர்ந்தாள். "ரெண்டு வருசங்க்கா. அவ மலைக்குப் போற அன்னைக்கெல்லாம் எனக்குப் போனு அடிச்சாலே எடுக்கறக்குப் பயம். இந்த மூணு வாரமாத்தான் கண்ண மூடித் தூங்கறேன்."

"தூங்கறது செரி" என்றது மயிலக்கா, செடியை உதறிக்கொண்டே. "புள்ளையோட சத்தமே காணமே? முன்னயெல்லாம் வெடியால அவ பாட்டு எங்கூட்டுக்குக் கேக்கும். நேத்தைக்கு ரோட்டுல எதுத்தாப்பல வாரா, 'என்ன சாமி'ங்கறேன், ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போறா. அந்தச் சிரிப்ப சிரிக்காமயே போயிருக்குலாம்."

"வேலைக்குப் போயிட்டு வாரா, அலுப்பு."

"அலுப்பாமா."

ஜோதியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஆய ஆரம்பித்தாள். கூடையில் பிஞ்சும் காயும் சேர்ந்து விழுந்தன.

அன்பரசு கையைக் கழுவிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனான். தார்ப்பாயைத் தூக்கினான். சைக்கிள் தூசியோடு நின்றது. நீலத் திருகை வலது பக்கம் திருகிப் பார்த்தான், அசையவில்லை. அவன் வைத்தது வைத்தபடி இருந்தது. இடது பக்கம் அழுத்தித் திருகினான். டிக்.

யாருக்கும் தெரியாமல் பழையபடி திருப்பி வைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. இன்னொரு முறை கரட்டில் ஓட்டிப் பாரு சாமி என்று சொன்னால் போதும், மகள் தானாகத் தெளிந்துவிடுவாள், அப்பன் பேரும் கெடாது. ஆனால் எத்தனை? நாலு டிக்கா, பத்தா, பதினைந்தா? இறுக்குகிறபோது எண்ணவில்லை. இறுக்குகிறவன் எப்போது எண்ணியிருக்கிறான்? தெரியாமல் குத்துமதிப்பாக வைத்து, அவள் அதை நம்பிக் கல்லில் இறங்கினால், ஒரு தரம் செய்த பாவத்தை அறிந்தே இன்னொரு தரம் செய்ததாகும். அந்த எண் தெரிந்தது மகளுக்கு மட்டும்தான். அவளிடம் கேட்காமல் அதைச் சரி செய்ய முடியாது, சொல்லாமல் கேட்கவும் முடியாது. தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினான்.

பொழுதோடு பிரவீனா வந்தாள். கொடுத்ததைத் தின்றாள். வட்டலைக் கழுவி வைத்தாள். அன்பரசு நாலு தரம் வாயைத் திறந்தான், நாலு தரமும் "லேபுல வேலையெல்லாம் எப்புடி?" என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் ஸ்கூட்டியை எடுக்கும்போது ஜோதி வாசலுக்கு வந்தாள். "வரலீன்னு இப்பவே போனுல போட்டுட்டுப் போயிரு சாமி. எதுக்கு அஞ்சு மணி வரைக்கும்?"

"பொழுதோட போட்டுக்கறேனுங்கம்மா."

"போடறத இப்பவே போட்டா என்ன?"

"போட்டுக்கறனுங்க" என்று மகள் வண்டியைக் கிளப்பினாள். ஜோதிக்கு அது பிடிக்கவில்லை. அன்பரசுக்கு அதுதான் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாக இருந்தது. இன்னும் ஐந்து மணி ஆகவில்லை.

அன்று அவனுக்கு லோடு இல்லை. வாசல் குழாயை நாலு தரம் மூடினான். ஜோதி பார்த்துவிட்டு, "அந்தக் கொழாய உட்டுட்டு வந்து காய் ஆயுங்க" என்றாள். அன்பரசு உட்கார்ந்து ஆய்ந்தான், காயோடு செடியையும் கூடையில் போட்டான், திட்டு வாங்கினான்.

நாலு மணிக்கே பிரவீனா வந்துவிட்டாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அன்பரசு எழுந்துவிட்டான்.

"சாமி, அந்த நீலத் திருகு எத்தன டிக்கு?"

"எதுங்கப்பா?"

"சைக்கிள்ல. பொறத்தால ஷாக்குல இருக்குதல்ல."

"ஒம்பது" என்றாள். மூன்று வாரம் கழித்தும் அது யோசிக்காமல் வந்தது. "முழுசா மூடிட்டு அங்கிருந்து ஒம்பது தொறக்கோணும். இப்ப எதுக்குங்க அது?"

"இப்ப அது முழுசா மூடித்தான் இருக்குது."

"இல்லீங்கப்பா. நானு ஆடியில வெச்சது. அத யாரும் தொடறதில்ல."

"நாந் தொட்டுட்டேன் சாமி." சொல்லிவிட்டான். சொன்ன பிறகு மீதி தானாக வந்தது. "நீ ஏற்காட்டுக்குப் போறக்கு ரெண்டு நாளு முன்னால கழுவுனேன் பாரு, அன்னைக்கு. லூசா இருக்குதுன்னு நெனச்சு இறுக்கிப்போட்டேன். துணியச் சுத்தி இறுக்குனேன். நீ உளுந்ததுக்கு அப்பறங்கூட எனக்குத் தெரியுல. நேத்தைக்குக் காலி வண்டியில வாரப்பதான் தெரிஞ்சுது."

பிரவீனா ஹெல்மெட்டை ஸ்கூட்டி மேல் வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். தார்ப்பாய் விழுகிற சத்தம் கேட்டது. அன்பரசும் ஜோதியும் பின்னால் போய் நின்றபோது அவள் குத்தவைத்து உட்கார்ந்து நீலத் திருகில் விரலை வைத்திருந்தாள். வலது பக்கம் திருகிப் பார்த்தாள். ஒரு டிக் நகர்ந்து நின்றது.

"அந்த ஒண்ணு நேத்தைக்கு நாந் தொறந்தது" என்றான் அன்பரசு.

"அப்பக் கரட்டுல நானு ஓட்டுனப்பவும் இப்புடித்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமா சாமி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஜோதி குனிந்தாள். அழுகைதான், ஆனால் சிரிப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலீங்கம்மா" என்றாள். "மூணு வாரமா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு, நானு இவ்வளவுதான் போலன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. காத்து பாத்தேன், டயரு பாத்தேன், பிரேக்கு பாத்தேன். எல்லாஞ் செரியா இருந்துச்சு. செரியில்லாதது நாந்தான்னு நெனச்சுட்டேன். இதப் பாக்கோணும்னு தோணவே இல்ல."

ஜோதி புருசன் பக்கம் திரும்பினாள். "எத்தன தடவ சொல்லியிருப்பேன்? கண்ணுல பட்டதையெல்லாம் திருகாதீங்க, திருகாதீங்கன்னு. ஹெல்மெட்டு ரெண்டாப் பொளந்துது. அது மட்டும் இல்லாம இருந்திருந்தா?"

"எந் தப்புதான்" என்றான் அன்பரசு. "சொல்லாம உட்டுரலாம்னுகூட நெனச்சேன். சொல்லாட்டி அவ ஊட்டோட இருப்பா, உனக்கும் நிம்மதின்னு."

"அப்பறம் எதுக்குச் சொன்னீங்க?"

"அவளே அவளப் பயந்தாங்கொள்ளீன்னு சொல்லிக்கறா. அது பொய்யல்ல? என்ற கை பண்ணுன வேலைக்கு அவ காலமெல்லாம் தலையக் குனிஞ்சுட்டு இருக்கோணுமா? எனக்கு அது தாங்குல."

ஜோதி கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள். திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் பார்வை மகள் மேல் போய்விட்டது. பிரவீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பம்பை எடுத்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கிறபோது எதையோ முணுமுணுத்தாள். பாட்டுத்தான் அது.

"இப்ப எங்க கெளம்பற?" என்றாள் ஜோதி.

"கரட்டுக்குத்தானுங்கம்மா. மலைக்கு இல்ல. ஒரே ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டு வந்தர்றேன். முடியிலீன்னா வரலீன்னு போட்டர்றேன்."

ஜோதி வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் மகளுடைய பழைய கல்லூரி ஹெல்மெட்டும், முழங்கைக்கும் முழங்காலுக்கும் போடுகிற கவசங்களும் இருந்தன. "இதயெல்லாம் போட்டுட்டுப் போறதுன்னா போ" என்று நீட்டினாள்.

கரடு வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரம். மூன்று பேரும் ஏறினார்கள். மேகம் இறங்கி, காற்றில் மழை மணம் இருந்தது. மேலே நின்றால் கடலைக்காடுகளும் கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகளும், தூரத்தில் திருச்செங்கோட்டு மலையும் தெரியும். கீழே இறங்குகிற பாறை நாலு இடத்தில் படியாக உடைந்து, நடுவில் உருட்டுக்கல் கிடந்தது.

பிரவீனா சைக்கிள் மேல் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களே வெய்யுங்கப்பா."

"நானா? நீ வெய்யி சாமி. என்ற கையி ஆகாது."

"முழுசா மூடித்தான் இருக்குது. இடது பக்கமா ஒம்பது. எண்ணிட்டே வெய்யுங்க."

அன்பரசு குனிந்தான். லாரி நட்டுக்குப் பழகிய விரலுக்கு அந்தத் திருகு அகப்படவே இல்லை. நகத்தால் பிடித்தான். ஒண்ணு. வாய்விட்டு எண்ணினான். ரெண்டு. மூணு. ஐந்தில் சந்தேகம் வந்து மறுபடி முழுசாக மூடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஜோதி பக்கத்தில் நின்று அவன் விரலையே பார்த்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். ஏழு. எட்டு. ஒம்பது. கையை எடுத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் திருகு என்று விரல் கேட்டது. கொடுக்கவில்லை.

"ஒருக்கா நீயும் பாத்துக்க" என்றான்.

"நீங்க எண்ணுனதுதானுங்களே" என்று சொல்லி, பார்க்காமலே காலை எடுத்துவிட்டாள்.

முதல் படியில் சைக்கிள் இறங்கியபோது பின்சக்கரம் பாறையில் அமுங்கி எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. உருட்டுக்கல்லின் மேல் போகும்போது சக்கரம் மட்டும் துள்ளியது, மேலே இருந்த பிள்ளை அசையவில்லை. ஜோதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் கண்ணை மூடவில்லை. நாலாவது படியில் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பி, ஒன்றாக வந்து இறங்கின. புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளேயிருந்து பிரவீனாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. தோட்டத்தில் நின்ற மயிலக்கா நிமிர்ந்து பார்த்தது.

அன்பரசு பாறையிலேயே உட்கார்ந்தான். மூன்று வாரமாகத் தெரியாமலும் ஒரு நாளாகத் தெரிந்தும் சுமந்தது இறங்கிப் போயிற்று. மூச்சு நெஞ்சுக்கு அடிவரை போய் வந்தது.

ஜோதி சரசரவென்று இறங்கிப் போனாள். மகளிடம் போய் நின்று, தைத்த முழங்கையைத் தடவிப் பார்த்தாள். கன்னத்துப் புழுதியைத் துடைத்தாள்.

"மணி என்ன ஆச்சு?" என்றாள்.

"நாலு அம்பதுங்கம்மா."

"அப்ப எதுக்கு நிக்கற? வாரேன்னு போடு."

"அம்மா?"

"எனக்குப் பயந்தான். ஞாயித்துக்கெழம பூராவும் பயந்துட்டுத்தான் கெடப்பேன். அதுக்கு என்ன பண்றது? அந்த ஊமைச் சிரிப்பப் பாத்துட்டு இன்னொரு மாசம் என்னால இருக்க முடியாது. போடு, அஞ்சாகப் போவுது."

பிரவீனா புழுதிக் கையால் போனில் தட்டினாள். விரலின் வேர்வை ஈரத்துக்கு எழுத்து விழவில்லை. ஜோதி சேலையில் துடைத்துக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூன்று பேரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அதற்குள் நாலு தூறல் விழுந்தது. "காய் நனையுது" என்று ஜோதி ஓடினாள், மயிலக்கா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு எதிரே வந்தது. கொட்டகையில் சைக்கிளை மூடிக் கிடந்த தார்ப்பாய்தான் அது.

மழை விட்ட பிறகு அன்பரசு வாசலில் சைக்கிளைக் கழுவினான். கழுவட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தான். நீலத் திருகுக்குப் பக்கத்தில் வரும்போது துணியை வைத்துவிட்டு, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினான். பிரவீனா படியில் உட்கார்ந்து, ஜோதி அவித்துக்கொடுத்த பச்சைக்கடலையை உரித்துத் தின்றுகொண்டு அவனையே பார்த்திருந்தாள்.

தண்ணீர் பாட்டில் வைக்கிற கூட்டின் திருகாணி ஒன்று அவன் விரலில் இடறியது. லேசாக ஆடியது. இது நிஜமாகவே லூசு. கை தானாக அதைப் பிடித்தது. பிடித்த கையை எடுத்துவிட்டான்.

"சாமி, இந்த ஆணி ஆடுது. இறுக்கட்டுமா?"

பிரவீனா எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள்.

"இத இறுக்கலாமுங்கப்பா."

"எத்தன திருகு?"

"கால் திருகு போதும்."

அன்பரசு ஸ்பேனரை எடுத்து வந்து கால் திருகு திருகினான். நின்று, மகள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டியதும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.